எஞ்சினியர்க்கும் ஐந்திணை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, அன்னையரே, பெரியோர்களே, இளைஞர்களே, முன்வரிசையில் அமர்ந்து, 'இந்தப் பேச்சு எப்போது முடியும், நாடகம் எப்போது தொடங்கும்' என்று ஏங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளே!

ஆண்டு விழாவில் ஏதேனும் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தார். எதைப் பற்றி என்று வினவினோம். "இலக்கியமும் இருக்கவேண்டும், எல்லாரும் சிரிக்கவும் வேண்டும், இருபது நிமிடத்தில் முடியவும் வேண்டும்" என்றார். அவர் மெக்கானிகல் எஞ்சினியர். ஒரு பொருளைச் செய்யச் சொல்லும்போதே அளவு, தரம், கெடு மூன்றையும் சொல்லிவிடுவது அத்துறையினரின் வழக்கம். ஆகவே மறுக்க இயலவில்லை.

இலக்கியத்துக்கும் சிரிப்புக்கும் பொதுவாக என்ன பொருள் இருக்கிறது என்று இரண்டு நாள் எண்ணிப் பார்த்தோம். பிறகு சன்னல் வழியே காலனியைப் பார்த்தோம். விடை கிடைத்துவிட்டது. இந்த எஃகு நகரத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் திறப்பவர் எஞ்சினியர். அவர் ஷிப்டுக்குப் போயிருந்தால் திறப்பவர் எஞ்சினியரின் மனைவி. அவரும் கடைக்குப் போயிருந்தால் எஞ்சினியரின் தகப்பனார். நாம் சிரிப்பதற்கு வேறு எங்கே போகவேண்டும்?

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் என்று எஃகு நகரங்கள் எழுந்தன. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிலாயிலும் ரூர்கேலாவிலும் முதல் ஊதுலைகள் எரியத் தொடங்கின. அந்நாளிலும் அதற்குப் பின்னரும் கும்பகோணத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கோவையிலிருந்தும் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பட்டச் சான்றிதழுமாக வட நாட்டு ஆலை நகரங்களுக்கு வந்து இறங்கியவர்களின் வழித்தோன்றல்களே நாம். வந்தவர்கள் வெவ்வேறு ஊர், வெவ்வேறு பேச்சு. ஆயினும் ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிய பிறகு அவர்கள் ஊரால் அறியப்படவில்லை, துறையால் அறியப்பட்டார்கள். "சிவில் மாமா", "எலக்ட்ரிகல் அண்ணாச்சி" என்றுதானே பிள்ளைகள் அடையாளம் சொல்கின்றன!

தொல்காப்பியம் அன்பொழுக்கத்தை ஐந்திணையாக வகுத்திருப்பதை அறிவீர்கள். குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். இந்த ஐந்தும் காதலர்க்கு மட்டுமே உரியவை என்று கருதிவந்தோம். காலனியில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, இவை எஞ்சினியர்களுக்கும் உரியவை என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம். புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க.

முதலாவது குறிஞ்சி. மலையும் கல்லும் எங்கே உண்டோ அங்கே சிவில் எஞ்சினியர் உண்டு. கல்லோடு கல்லையும் செங்கல்லோடு சிமெண்டையும் கூட்டி வைப்பதே அவர் தொழில். ஆதலால் கூடல் அவர்க்கே உரியது. தூக்குக்குண்டும் ரசமட்டமும் அளவு நாடாவும் அவருடைய கருப்பொருள்கள். விருந்துக்கு அழைத்தால் இலையைப் பார்க்கமாட்டார். சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் ஒரு படம் மாட்ட ஆணி அடித்துத் தரும்படி கேட்டால், அந்த ஆணியில் படத்தையும் மாட்டலாம், படத்தில் உள்ளவரையும் மாட்டலாம், அத்தனை உறுதி. "வேலை எப்போது முடியும்?" என்றால் "ஆறு மாதம்" என்பார். எந்த ஆறு மாதம் என்பதைச் சொல்லமாட்டார்.

சிரிக்கிறோம். ஆனால் அந்த ஆணி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கனடா நாட்டுக் கியூபெக் நகருக்கருகே ஓர் இரும்புப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் நடு வளைவின் நீளத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக உயர்த்தினார்கள். நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடும் அன்றோ? அந்த எடையை உரிய காலத்தில் திருத்திக் கணக்கிடவில்லை. 1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் மாலை, பாலம் தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் ஆற்றில் சரிந்தது. மேலே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் 75 பேர் மாண்டனர். அன்று முதல் உலகத்துச் சிவில் எஞ்சினியர் யாவரும் ஆணியைச் சற்றுப் பெரிதாகவே அடிக்கிறார்கள்.

'ஆறு மாதம்' என்ற கேலிக்கும் ஒரு மறுமொழி உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் மிகப் பலவற்றைக் கடலில் தள்ளியது. செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்றுதான் முதலில் மதிப்பிட்டார்கள். ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் சிவில் எஞ்சினியரிடம் பொறுப்பு வந்தது. 46 நாளில் பாலம் மீண்டும் ரயிலைத் தாங்கி நின்றது. 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022-ஆம் ஆண்டின் இறுதிவரை ரயில் ஓடியது. ஆகவே நம் சிவில் நண்பரிடம் ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்பவர்கள் இதையும் நினைவிற்கொள்வது நலம்.

இரண்டாவது முல்லை. இத்திணைக்கு உரியது இருத்தல். அதாவது பொறுமையோடு காத்திருத்தல். கார்காலத்தில் தலைவன் வருவான் என்று தலைவி வழிமேல் விழி வைத்திருப்பாள். காலனியில் கரண்ட் போனால் நாம் அனைவரும் அந்தத் தலைவியின் நிலையை எய்துகிறோம். மெழுகுவத்தியை ஏற்றிவைத்துக்கொண்டு எலக்ட்ரிகல் எஞ்சினியரின் வாசலில் நின்று, "எப்போது வரும்?" என்கிறோம். அவர் "வரும்" என்கிறார். தோழி தலைவிக்குச் சொன்ன ஆறுதலும் அதுவேயன்றோ!

அவருடைய கருப்பொருள் டெஸ்டர். சட்டைப் பையில் பேனா இல்லாமலும் வெளியே வருவார். டெஸ்டர் இல்லாமல் வரமாட்டார். வீட்டில் ஒரு பல்பு மாற்றவேண்டுமென்றால் மெயினை அணைப்பார். "அணைத்துவிட்டேன்" என்று மனைவி சொன்னாலும் நம்பமாட்டார். தாமே அணைத்திருந்தாலும் நம்பமாட்டார்; டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். முப்பது ஆண்டு இல்லறத்தில் தம்மை ஒரு நாளாவது நம்பினாரா என்று அந்த அம்மையார் ஒருமுறை கேட்டார். "உன்னை நம்புகிறேன், ஸ்விட்சை நம்பவில்லை" என்றாராம்.

அவர் சொன்னதில் பிழையில்லை. நெருப்பு சுடுமுன் ஒளி காட்டும்; பாம்பு கடிக்குமுன் சீறும். மின்சாரம் முன்னறிவிப்பே தருவதில்லை. சந்தேகம் ஒன்றே அவருக்குக் கவசம். 2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் வடக்கு மின்தொகுப்பு சரிந்தது. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து சரிந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு இருண்டது. ஒரு கம்பித்தடத்தில் ஏறிய சுமை மற்றொன்றின்மேல் சாய, அது அடுத்ததன்மேல் சாய, வரிசையில் நிறுத்திய சைக்கிள்கள் விழுவதுபோல் எல்லாம் விழுந்தன. ஒரு ஸ்விட்சை நம்புவதற்கு முன் நூறு முறை யோசிப்பவரைப் பார்த்து இனி எப்படிச் சிரிப்பது?

அத்துறையினர் நமக்குச் செய்த உதவி ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். 2013-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே உள்ள உயர் அழுத்தத் தடத்தின் வழியாகத் தென்னாட்டு மின்தொகுப்பை நாட்டின் ஏனைய தொகுப்போடு ஒரே அதிர்வெண்ணில் இணைத்தார்கள். அன்று முதல் நம் சொந்த ஊரில் பாட்டியார் வீட்டுத் திண்ணையில் எரியும் விளக்கும், இங்கே நம் குவார்ட்டர்ஸில் எரியும் விளக்கும் வினாடிக்கு ஐம்பது என்ற ஒரே துடிப்பில் துடிக்கின்றன. கடிதம் எழுத மறந்தாலும் நம்மை ஊரோடு இணைத்துவைத்திருப்பவர் எலக்ட்ரிகல் எஞ்சினியர்.

மூன்றாவது மருதம். இதன் உரிப்பொருள் ஊடல். மெக்கானிகல் எஞ்சினியருக்கும் இயந்திரத்துக்கும் இடையே நடப்பது முழுவதும் ஊடலே. இயந்திரம் முனகும், இவர் காதை வைத்துக் கேட்பார். அது மௌனமாகும், இவர் கவலை கொள்வார். ஸ்பானரால் கெஞ்சுவார், கேட்காவிட்டால் சுத்தியலால் மிஞ்சுவார். வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், "சத்தம் சரியில்லை" என்று பிரித்துவிடுவார். திரும்பப் பூட்டி முடித்ததும் தரையில் மூன்று திருகாணிகள் எஞ்சியிருக்கும். "இவை எதற்கு?" என்று கேட்டால், "தேவையில்லாமல் வைத்திருக்கிறான்" என்பார். வியப்பு என்னவென்றால், அதன் பிறகு கிரைண்டர் முன்னிலும் நன்றாகவே ஓடும்!

பிரித்துப் பார்க்கும் இந்த ஆசையை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. கோவை ஜி. டி. நாயுடு எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெறாதவர். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்து அதன் நுட்பத்தைத் தாமே கற்றவர். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். 1937-இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அவர் மெக்கானிகலா, எலக்ட்ரிகலா என்று கேட்பவர்களுக்கு விடை சொல்ல அவரிடம் சான்றிதழ் இல்லை; ஓடுகின்ற மோட்டார்தான் இருந்தது.

நான்காவது நெய்தல். இது எங்கள் துறை, உலோகவியல். இரங்கல் எங்கள் உரிப்பொருள். மற்ற எஞ்சினியர்களை ஒன்றைச் செய்வதற்கு அழைப்பார்கள். எங்களை மட்டும் அது உடைந்த பிறகு அழைப்பார்கள். இழவு வீட்டுக்குப் போகின்றவர்போல் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நாங்கள் போவோம். உடைந்த துண்டைக் கையில் எடுத்து, பூதக்கண்ணாடியால் நோக்கி, "ஐயோ, எத்தனை நாளாக இந்த வெடிப்பு உள்ளே இருந்திருக்கிறது!" என்று இரங்குவோம்.

கல்யாணப் பந்தியிலும் இப்பழக்கம் விடாது. அப்பளத்தைக் கடித்தால் "நொறுங்கு முறிவு" என்போம், சப்பாத்தியைக் கிழித்தால் "இழுபட்டு முறிகிறது, நல்ல உலோகம்" என்போம். முறுக்கைத் தின்னாமல் அதன் உடைந்த முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததனால், சம்பந்தி வீட்டார் முறுக்கில் ஏதோ விழுந்துவிட்டதென்று எண்ணித் தட்டையே மாற்றிவிட்ட அனுபவமும் எங்களுக்கு உண்டு.

ஆனால் கேளுங்கள். 1943-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறைமுகத்தில் 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் நின்றிருந்தது. புயல் இல்லை, அலை இல்லை, போர்க்குண்டும் இல்லை. அசையாத நீரில், குளிர்ந்த இரவில், அந்தக் கப்பல் பேரொலியோடு நடுவில் பிளந்தது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய வேறு கப்பல்கள் பலவும் இவ்வாறே வெடிப்புக் கண்டன. பற்றவைத்தவர்களே குற்றவாளிகள் என்று பலரும் எண்ணினர். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியல் அம்மையார் அந்த எஃகைச் சோதித்தார். குளிர் ஓர் எல்லைக்குக் கீழே போனால் சப்பாத்தி போன்ற எஃகு அப்பளம் போன்றதாக மாறிவிடுகிறது என்று காட்டினார். கப்பலுக்கு உரிய எஃகின் இலக்கணம் அதன் பிறகு மாறியது. அப்பளத்தை உற்றுப் பார்ப்பவர்களால் உலகத்துக்கு நன்மையும் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

ஐந்தாவது பாலை. இது கணிப்பொறி எஞ்சினியர்களுக்கு உரியது. பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது. மற்ற நிலங்கள் வறண்டால் அவையே பாலையாகும் என்பது மரபு. அதுபோலவே, சிவில் படித்தவரும் மெக்கானிகல் படித்தவரும் தம் நிலத்தில் வேலை வறண்டபோது கணிப்பொறி எஞ்சினியர் ஆகிவிடுகிறார்கள்! உரிப்பொருள் பிரிதல் என்பதை விளக்கவேண்டியதே இல்லை. பெங்களூரிலும் புனேயிலும் கடல் கடந்தும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கைபேசித் திரையில் பேரப் பிள்ளைகளின் முகம் பார்க்கும் பெற்றோர் இந்த அவையில் பாதிப் பேர்.

கணிப்பொறிக்காரரின் வைத்தியம் ஒன்றே: "அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்." தொலைக்காட்சிக்கும் அதுவே, குளிர்பதனப் பெட்டிக்கும் அதுவே. குழந்தை அழுதால் அணைக்கலாம் என்பதாவது பொருந்தும். திரும்ப எங்கே போடுவது? தாம் செய்தது பழுதாகிவிட்டது என்று பிறர் சொன்னால், "எங்களிடத்தில் சரியாக இருக்கிறதே!" என்பதே அவருடைய முதல் மறுமொழி.

1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டுக்கும் அதுவே நேர்ந்தது. முந்தைய ஏரியன் 4-இல் சரியாக ஓடிய நிரலின் ஒரு பகுதியை அப்படியே இதிலும் வைத்தார்கள். புதிய ராக்கெட் அதிக வேகம் உடையது. வேகத்தைக் குறிக்கும் எண், பழைய நிரல் அதற்கென ஒதுக்கியிருந்த இடத்தில் கொள்ளவில்லை. ஆழாக்கில் படி அரிசியை அளக்கப் போனது போலாயிற்று. புறப்பட்டு 37 வினாடிகளில் வழி தவறி ராக்கெட் வெடித்துச் சிதறியது. 'அங்கே சரியாக இருந்தது' என்பது 'இங்கே சரியாக இருக்கும்' என்பதாகாது என்று அத்துறையினர் அன்று கற்றுக்கொண்டார்கள். இன்று நம் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்துச் சோதித்துப் பார்ப்பது அந்தப் பாடத்தின் பயனே.

ஆக, ஐந்து திணைகள், ஐந்து கேலிகள். ஒவ்வொரு கேலிக்கும் அடியில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மிகைக் கவனம், மிகைச் சந்தேகம் என்று நாம் நகைப்பவை யாவும் யாரோ சிலர் உயிரையும் உழைப்பையும் கொடுத்து வாங்கிய பாடங்கள். இம்மட்டோடு நிறுத்தியிருந்தால் செயலாளர் மகிழ்ந்திருப்பார். ஆனால் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே ஆண்டு விழாவுக்கு மேடை அமைத்தோம். பொறுப்பு ஐந்து துறையினருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சிவில்காரர் யானை ஏறினாலும் அசையாத மேடை அமைத்தார். மெக்கானிகல்காரர் ஒரு விரலால் இழுத்தால் திறக்கும் திரை அமைத்தார். எலக்ட்ரிகல்காரர் கம்பிகளை மூன்று முறை சோதித்தார். நாங்கள் கொடிக்கம்பத்தின் பற்றவைப்பைப் பரிசோதித்தோம். கணிப்பொறி இளைஞர் விருந்தினர் பட்டியலைத் தயாரித்தார். எல்லாம் குறைவற நடந்தது. தலைவர் எழுந்து பேச வாய் திறந்தார், ஒலி வரவில்லை. ஒலிபெருக்கியின் பிளக் 15 ஆம்பியர். மேடையில் இருந்த சாக்கெட் அனைத்தும் 5 ஆம்பியர். ஒலிபெருக்கியைக் கொண்டுவந்தவர் அது எலக்ட்ரிகல் வேலை என்று எண்ணினார். எலக்ட்ரிகல்காரர் அது ஒலிபெருக்கிக்காரர் வேலை என்று எண்ணினார். ஐந்து எஞ்சினியர்கள் கூடி நின்று அந்தப் பிளக்கைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது, பந்தல் போட வந்த பையன் வண்டிக்கு ஓடிப்போய் நீளக் கம்பியோடு கூடிய 15 ஆம்பியர் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, சமையற்கட்டில் இருந்த பெரிய சாக்கெட்டிலிருந்து இழுத்துக் கொடுத்தான். தலைவர் பேசினார்.

பழுது எங்கே ஏற்பட்டது? எந்தத் துறைக்குள்ளும் அல்ல. இரண்டு துறைகள் சந்திக்கும் வரப்பில். 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று இவ்வாறே அழிந்தது. ஒரு குழு பவுண்டுக் கணக்கில் அனுப்பிய அளவை, மற்றொரு குழு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒருவர் மற்றவரைக் கேட்கவில்லை. ஒன்பது மாதம் பறந்து சென்ற கலம், இருக்கவேண்டிய உயரத்துக்கு மிகவும் கீழே இறங்கி மறைந்துபோயிற்று.

'அது நம் துறையன்று' என்ற சொல்லைப்போல் ஆபத்தான சொல் எஞ்சினியர் அகராதியில் இல்லை. நம் முன்னோர் ஐந்து நிலங்களை வகுத்தார்கள். ஆனால் ஒரு நிலத்துக்குரியது மற்றொரு நிலத்தில் வரலாகாது என்று வேலி போடவில்லை. திணைமயக்கம் என்று பெயரிட்டு அதற்கும் இடம் தந்தார்கள். நாமோ வேலி போடுகிறோம். மேடையில் போட்ட வேலியால் ஒலிபெருக்கி நின்றது. வீட்டில் போடும் வேலியால் நிற்பது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், பள்ளிப் படிப்பை முடித்த எங்கள் மகள் சிவில் எஞ்சினியரிங் படிக்கவேண்டும் என்றாள். பாலம் கட்டவேண்டும் என்பது அவள் ஆசை. நாங்கள் இருவரும் சிரித்தோம். கோபிக்கவில்லை, தடுக்கவில்லை, சிரித்தோம், அவ்வளவே. "வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு கொத்தனாரோடு சண்டை போடப் போகிறாயா?" என்று கேட்டோம். காலனி நண்பர்களிடமும் சொன்னோம், அவர்களும் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளாகவே கணிப்பொறித் துறைக்கு விண்ணப்பம் எழுதினாள். அதில் நன்றாகவே படித்தாள். நல்ல வேலையில் இருக்கிறாள். எங்களை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் ஊருக்குப் போகும் ரயில் கோதாவரிப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் அவள் பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னலோரம் போய், வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். அந்த எண்ணிக்கை முடியும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

தடுத்திருந்தால் அவள் வாதாடியிருப்பாள். சிரிப்போடு வாதாட யாரால் முடியும்?

இந்த உரையின் தொடக்கத்தில், கதவைத் தட்டினால் திறப்பவர் எஞ்சினியர், அவர் இல்லாவிட்டால் எஞ்சினியரின் மனைவி என்று சொன்னோம். அவையில் ஒருவரும் திடுக்கிடவில்லை. திறந்த அந்த அம்மையாரே எஞ்சினியராக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் இந்த அவையில் ஆலையின் ஆய்வுக்கூடத்திலும் மின்நிலையத்திலும் பணிபுரியும் பெண்மணிகள் வீற்றிருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்தது கிண்டிப் பொறியியல் கல்லூரி. அங்கே 1943-இல் எலக்ட்ரிகல் பிரிவில் பட்டம் பெற்றார் ஏ. லலிதா. பதினெட்டாம் வயதில் கணவரை இழந்து, நான்கு மாதக் கைக்குழந்தையோடு நின்றவர் அவர். பட்டச் சான்றிதழில் ஆண்பாற்சொல்லையே அச்சிட்டிருந்தார்கள். அதை அடித்துப் பெண்பாற்சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். பின்னாளில் கல்கத்தாவில் பணியாற்றி, பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான பணியில் பங்குகொண்டார். 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் எஞ்சினியர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டிலும் கலந்துகொண்டார். அவர் காலத்தில் அதே கல்லூரியில் சிவில் படித்த பி. கே. திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை எஞ்சினியர் ஆனார். எங்கள் மகள் ஆசையைச் சொன்ன நாளில் இவ்வரலாறு எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. கேலி மட்டும் தெரிந்திருந்தது.

கேலி கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. கேலி இல்லாவிட்டால் காலனியில் மாலைப் பொழுது எப்படிக் கழியும்? ஒத்த வயதினர் ஒருவரையொருவர் நகையாடுவது நட்பு. அதே நகை, இன்னும் வழி தெரியாத பிள்ளையின் தலையில் விழுந்தால் அது தீர்ப்பாகிவிடுகிறது. 'மெக்கானிகல் பெண்ணுக்கு ஆகாது', 'சிவிலில் சம்பளம் இல்லை', 'கணிப்பொறி படிக்காதவன் பிழைக்கமாட்டான்' என்று நாம் பந்தியில் சொல்லிச் சிரிப்பதை, பரிமாறிக்கொண்டிருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆதலின் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு துறையினரும் முறைவைத்துக் காலனிப் பிள்ளைகளுக்குத் தம் தொழிலைக் காட்டவேண்டும். சிவில்காரர் ரசமட்டத்தைக் கையில் கொடுக்கட்டும். எலக்ட்ரிகல்காரர் டெஸ்டரின் சந்தேகத்தைக் கற்பிக்கட்டும். மெக்கானிகல்காரர் ஒரு கிரைண்டரைப் பிரித்துக் காட்டட்டும். எஞ்சிய திருகாணிகளைப் பிள்ளைகளே எண்ணட்டும். நாங்கள் அப்பளமும் சப்பாத்தியும் கொண்டுவருகிறோம். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடின்றி எல்லாரும் தொட்டுப் பார்க்கட்டும். தொட்டுப் பார்த்த பின் எந்தத் திணையில் கால் வைப்பது என்பதை அவர்களே சொல்லட்டும். பொறியியலே வேண்டாம், நாடகம்தான் வேண்டும் என்று ஒருவன் சொன்னால், அதையும் சிரிக்காமல் கேட்போம்.

எங்கள் பேத்தி இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறாள். விடுமுறைக்கு வந்தவள், இதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறாள். என்ன படிக்கப்போகிறாய் என்று நேற்று இரவு கேட்டோம். "சொன்னால் சிரிப்பீர்கள்" என்றாள். சிரிக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். விழா முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

குழந்தைகள் பொறுமை இழந்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் அரிதாரம் உலர்ந்துகொண்டிருக்கிறது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதையும் கவனித்துவிட்டோம். இம்முறை சரியான பிளக்கைப் பொருத்திய நண்பருக்கு நன்றி கூறி விடைபெறுகிறோம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!